ஆட்சி மாறினால் லயத்துக்கு என்ன மாறும்?

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேர், எங்கள் தோட்டத்தில் தாத்தா காலம் தொட்டு தொழிற்சங்கம் காட்டுகிற சின்னத்துக்குத்தான் புள்ளடி. ஆளுங்கட்சியோடு இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும் என்கிறார்கள். சிங்கப்பூரும் ஒரே கட்சி ஆண்டுதானே முன்னேறியது? யார் வந்தாலும் எங்கள் வரிசை வீடான லயம் லயமாகத்தானே இருக்கிறது? பிறகு எதற்கு பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்து வாக்குப் போட வேண்டும்?"

நாலு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் இது ஒன்றுதான். அதனால் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் கடமைக்கு அரசாங்கம் எங்களைத்தான் முதலில் இழுக்கும் என்பதால், வாக்களிப்பு நிலையத்துக்குள் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினன் இல்லை. அம்மா கொழுந்து பறித்தவர், கடைசி வரைக்கும் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் கருத்து இதுதான். கொழும்பில் எந்தக் கட்சியும் நிரந்தரமாக ஆண்டதில்லை. நம் மலையகத்தில் நிரந்தரமாக ஆண்டது, "யார் ஆண்டாலும் அவர்களோடு போய் இருப்பது" என்கிற ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு காலத்தில் மிக நியாயமான காரணம் இருந்தது. காரணம் போன பிறகும் ஏற்பாடு போகவில்லை. நம்முடைய வாக்கு இத்தனை காலம் ஆட்சியை மாற்றியும் லயத்தை மாற்றாமல் இருந்ததற்கு அதுதான் விளக்கம்.

கொழும்புக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது எல்லோருக்கும் தெரிந்தது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐப் பிடித்தது. அவ்வளவு பலத்தை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமையைப் பறித்தார்கள். தன் கட்சி எம்.பி.க்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன. 1982 டிசம்பரில், பொதுத்தேர்தல் வைக்க வேண்டிய இடத்தில் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றை வைத்தார்கள். இருக்கிற பாராளுமன்றம் இன்னும் ஆறு வருடம் அப்படியே இருக்கட்டுமா? ஆம் என்றால் விளக்குச் சின்னம், இல்லை என்றால் குடம். விளக்கு வென்றது. 1977இல் பொதுத்தேர்தலில் வாக்குப் போட்ட ஒருவர் அடுத்த பொதுத்தேர்தலைப் பார்க்க 1989 வரை இருக்க வேண்டியதாயிற்று. பதவியில் இருப்பவர்களுக்குத் தோற்றுப் போகும் பயம் இல்லாவிட்டால் தேர்தலையே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அதே கட்சி 17 வருடம் ஆண்டு 1994இல் வீட்டுக்குப் போனது. 2020இல் நேரடியாக ஒரு ஆசனம்கூட வெல்லவில்லை, தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுன 2020இல் 145 ஆசனம் எடுத்தது, 2024இல் 3. ஆகவே இந்த நாட்டில் அசைக்க முடியாத கட்சி என்று எதுவும் இல்லை. சிங்கள மக்கள் கோபம் வந்தால் அடியோடு தூக்கி எறிந்திருக்கிறார்கள். அப்படி ஒவ்வொரு முறையும் எறிந்தபோது நாம் எங்கே இருந்தோம் என்பதுதான் விஷயம்.

இப்போது 1948க்குப் போக வேண்டும். பழைய கதை என்று தாண்டிவிடாதீர்கள் தம்பி. உங்கள் தாத்தா ஏன் சங்கம் சொன்ன இடத்தில் புள்ளடி போட்டார் என்பது இங்கேதான் இருக்கிறது.

1946 குடிசன மதிப்பீட்டில் இந்த நாட்டில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். 1947 தேர்தலில் நம் மக்கள் வாக்குப் போட்டார்கள், நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்வதற்கும் தோட்ட வாக்குத் துணை நின்றது. அதுதான் கண்ணில் குத்தியது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருடம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் எடுத்தார்கள். இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டவர்கள் 8 இலட்சத்துக்கு மேல். கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. தொகுதி பிரிக்கும்போது சனத்தொகைக் கணக்கில் நம்மையும் சேர்த்தார்கள். மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின, அவற்றுக்கு எம்.பி. தெரிவு செய்யும் உரிமை மட்டும் நமக்கு இல்லை.

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்டவர்களில் ஒருவரிடமும் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

இந்த நிலைமையில் நீங்கள் ஒரு தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மக்களில் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. தேர்தலில் நின்று வெல்ல வழி இல்லை. கையில் இருப்பது இரண்டு: வேலைநிறுத்தம், அமைச்சர்களோடு பேச்சு. 1960இலும் 1965இலும் தொண்டமான் பாராளுமன்றத்துக்குப் போனது நியமன உறுப்பினராக, அதாவது ஆளுங்கட்சியின் தயவில். முதல் முறை ஒரு கட்சி, அடுத்த முறை அதற்கு எதிரான கட்சி. வாக்கில்லாத சமூகத்துக்கு அதைத் தவிர வேறு கதவு இருக்கவில்லை. இதை "சந்தர்ப்பவாதம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்கள், அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்திருப்போம் என்றும் சொல்ல வேண்டும்.

பலனும் கிடைத்தது, மறைக்கக் கூடாது. 1977இல் நுவரெலியா மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோரோடு மூன்றாவதாகத் தொண்டமானும் வென்றார். 1978இல் அமைச்சரானார். 1986 தைப்பொங்கலில் தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்துக்குப் பிறகு நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் அந்த வருடமே வந்தது, 1988இல் இன்னொன்று, மிச்சம் மீதியைத் தீர்த்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். தோட்டப் பாடசாலைகளுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக எடுத்த அலை ஒன்று 1980களில் வந்தது. எனக்கு நியமனம் கிடைத்ததும் அதில்தான். ஆகவே ஆளுங்கட்சியோடு இருந்து ஒன்றுமே கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் என் பென்சன் புத்தகமே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

ஆனால் இதே காலத்துக்குள்தான் தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரமும் வருகிறது. பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது நம்மவர் அமைச்சரவையில் இருந்தார். அமைச்சர் பதவியை வைத்து எதை வாங்கலாம், எதை வாங்க முடியாது என்பதற்கு அந்த ஒரு வாரம் போதும்.

சரி, 1988க்குப் பிறகு நிலைமை தலைகீழ். நமக்கு வாக்கு வந்துவிட்டது. 1989 முதல் விகிதாசார முறை. நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் வாக்கு இல்லாமல் எந்தப் பெரிய கட்சியும் முன்னுக்கு வர முடியாது. 1994இல் என்ன நடந்தது? சந்திரிகாவின் கூட்டணிக்கு 105 ஆசனம், முஸ்லிம் காங்கிரஸ் 7, பெரும்பான்மைக்கு இன்னும் ஒன்று வேண்டும். அந்த ஒன்றைக் கொடுத்தவர் மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன். ஓர் ஆசனத்துக்கு அவ்வளவு விலை இருந்த நேரம் அது. நம்மவர்கள் அந்த விலைக்கு வாங்கியவை பெரும்பாலும் அமைச்சும் பிரதி அமைச்சும்.

அப்புறம் சின்னங்களைப் பாருங்கள். தொண்டமானின் சங்கமும் கட்சியுமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் சொந்தச் சின்னம் சேவல். பொதுத்தேர்தல்களில் அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் நுவரெலியாவில் நின்ற சின்னங்கள்: 1994 யானை (ஐக்கிய தேசியக் கட்சி), 2000 நாற்காலி (சந்திரிகாவின் கூட்டணி), 2001 யானை, 2004 யானை, 2010 வெற்றிலை (அப்போதைய ராஜபக்ச கூட்டணி), 2015 வெற்றிலை, 2020 மொட்டு (பொதுஜன பெரமுன), 2024 மறுபடி யானை. எதிரணி மலையகக் கட்சிகளும் இதற்கு விலக்கல்ல. தமிழ் முற்போக்குக் கூட்டணி 2015இல் யானை, பிறகு சஜித் பிரேமதாசவின் தொலைபேசி. இரு பக்கமும் பெரிய வீட்டுத் திண்ணைதான்.

வெற்றிலைக் காலத்துத் தேர்தல் ஒன்றில், தோட்டப் பாடசாலையில் இருந்த வாக்களிப்பு நிலையத்தில் எனக்குக் கடமை. மை பூசுகிறவருக்குக் காலையிலிருந்தே தலைவலி. கொழுந்துக் கறை ஏறிய விரலில் மை பிடித்ததா இல்லையா என்று தெரியாது, நகத்தோடு ஒட்டிய தோலில் பார்த்துப் பூச வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னாலேயே வந்து வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா வாக்குச்சீட்டைக் கையில் வாங்கி, விரித்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஐயா, எங்க சேவலக் காணோமே?" நாங்கள் பதில் சொல்லக் கூடாது. சட்டம் அப்படி. "அம்மா, சீட்டில் இருப்பதில் உங்களுக்கு விருப்பமானதற்குப் போடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். மறைப்புக்குள் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. முகவராக உட்கார்ந்திருந்த பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். அவர் வாழ்நாள் முழுவதும் விசுவாசமாக இருந்த கட்சி அந்தச் சீட்டில் இல்லை. வேறு யாருடைய வீட்டிலோ இருந்தது.

"ஆளுங்கட்சியோடு இருந்தால்தான் கிடைக்கும்" என்பது பொய்யல்ல. அது உண்மையாக இருக்கும்படி நாட்டின் சட்டமே ஏற்பாடு செய்திருந்தது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. நாட்டுக் கிராமத்தில் ரோட்டு உடைந்தால் பிரதேச சபை உறுப்பினரின் சட்டையைப் பிடிக்கலாம். தோட்டத்து ரோட்டு உடைந்தால்? சபை, "அது தோட்டத்துக் காணி" என்றது. கம்பனி, "ரோட்டுப் போடுவது எங்கள் வேலையா" என்றது. மிச்சம் இருந்தது ஒரே ஆள், அமைச்சர். அமைச்சரிடம் போக மாவட்டத் தலைவர், மாவட்டத் தலைவரிடம் போகத் தோட்டத் தலைவர். கூரைத் தகரம், தண்ணீர்த் தாங்கி, கோயிலுக்குச் சீமெந்து, பையன்களுக்குக் கிரிக்கெட் மட்டை, பந்து எல்லாம் அந்த ஏணியில்தான் இறங்கி வந்தன. கிராமத்தானுக்கு வரிப்பணத்தில் உரிமையாகப் போனது நமக்கு யாரோ ஒருவரின் உபகாரமாக வந்தது. தகரம் வாங்கினவன் நன்றி சொல்ல வேண்டும், நன்றியைப் புள்ளடியில் காட்ட வேண்டும்.

அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் வந்தன. ஒரு அமைச்சர் வந்து தேங்காய் உடைத்துத் திறக்கிற எந்தக் கட்டடத்தையும்விட இந்த இரண்டும் பெரிய விஷயம் என்பேன். ஆனால் மேடையில் பேச இதில் ஒன்றுமில்லை, அதனால் யாரும் பேசுவதில்லை.

சம்பளக் கதையும் இதே மாதிரிதான். 1992இல் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் போன பிறகு நாட்சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் முடிவானது. கையொப்பம் வைத்தவர்களில் ஒரு பக்கம் அரசாங்கத்தில் இருக்கிற சங்கமும் உண்டு. தொழிலாளிக்காகப் பேசுகிறவரும், அமைச்சரவையில் உட்கார்ந்து கம்பனிகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால் பேச்சு எந்தப் பக்கம் சாயும்? 2015இல் "1,000 ரூபாய்" என்ற கோஷம் வந்தது. 2016 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500, 2019இல் 700. ஆயிரம் கைக்கு வந்தது 2021இல், அதுவும் கூட்டு ஒப்பந்தத்தில் அல்ல, சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில். அடுத்த வருடமே பொருளாதாரம் கவிழ்ந்து அந்த ஆயிரத்துக்குப் பெறுமதி இல்லாமல் போயிற்று.

சிங்கப்பூருக்கு வருவோம். சிங்கப்பூரைச் சொல்லாமல் மலையகத்தில் எந்த அரசியல் விவாதமும் முடிவதில்லை. மக்கள் செயல் கட்சி 1959 முதல் தொடர்ந்து ஆள்வது உண்மை. ஊழலை அடக்கியதும், பெரும்பாலான சனத்துக்கு அரசாங்கத் தொடர்மாடியில் சொந்தப் பெயரில் வீடு கொடுத்ததும் உண்மை. லயத்து அறைக்கு இன்றுவரை உறுதிப் பத்திரம் இல்லாத நமக்கு அந்தச் செய்தி வயிற்றெரிச்சலைத் தரும், தரத்தான் வேண்டும். ஆனால் முழுக்கதையையும் கேளுங்கள். 1968 முதல் 1980 வரை நடந்த பொதுத்தேர்தல்கள் எல்லாவற்றிலும் அங்கே எல்லா ஆசனமும் அந்தக் கட்சிக்கே. 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் முதன்முதலாக அந்தச் சுவரில் ஓட்டை போட்டவர் ஜே.பி. ஜெயரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அதற்காக அவர் பட்ட வழக்குகளும் அபராதமும் கடனாளித் தீர்ப்பும் ஒரு தனிக் கதை. 1997 தேர்தலில் அங்கேயும், ஆளுங்கட்சிக்கு ஆதரவு கொடுக்கிற பகுதியின் மாடிகளுக்குத்தான் திருத்த வேலையில் முன்னுரிமை என்று சொன்னார்கள். நம் ஊர்த் தகரம் மாதிரித்தான், கொஞ்சம் விலை கூடின தகரம். 2011இல் அல்ஜுனிட் தொகுதியில் ஐந்து ஆசனங்களைத் தோற்று, வெளிநாட்டமைச்சரையே இழந்த பிறகுதான் வீட்டு விலையிலும் வெளிநாட்டு ஆட்களை எடுப்பதிலும் சனம் சொன்னதைக் கேட்கத் தொடங்கினார்கள். நல்ல நிர்வாகம் நடத்துகிற கட்சிக்கும் அந்தப் பயம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனால் உண்மையாக நாம் பார்க்க வேண்டிய கண்ணாடி சிங்கப்பூர் இல்லை, அதற்கு மேலே இருக்கிற மலேசியா. அங்கேயும் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர். அங்கேயும் ஒரு கட்சி, மலேசிய இந்தியக் காங்கிரஸ், 1950களிலிருந்து ஆளும் கூட்டணிக்குள். அங்கேயும் ஒரே தலைவர், சாமிவேலு, 1979 முதல் 2010 வரை. தமிழ்ப் பள்ளிக்கு மானியம், கோயிலுக்கு நன்கொடை, ஒரு அமைச்சர் பதவி. சனம் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு நகரத்து அடுக்குமாடிகளில் நெருங்கியபோதும் அதே பதில்: "உள்ளே இருந்தால்தான் பேச முடியும்." 2007 நவம்பரில் ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை இயக்கத்தின் அழைப்பில் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர்த் தெருவில் இறங்கினார்கள். அடுத்த மார்ச் தேர்தலில் அந்தக் கட்சி நின்ற 9 ஆசனங்களில் வென்றது 3. 1974 முதல் தன் கையில் இருந்த சுங்கை சிப்புட்டை சாமிவேலுவே தோற்றார். தோற்கடித்தவரும் தமிழர்தான், ஜெயக்குமார் தேவராஜ் என்ற சோசலிஸ்ட் டாக்டர். அதே தேர்தலில் ஆளும் கூட்டணியின் மூன்றில் இரண்டு பலமும் போனது, பத்து வருடத்தில் ஆட்சியும் போனது. மலேசியத் தமிழர் வாழ்வு அதோடு பொன்னாகிவிடவில்லை. ஆனால் அதன் பிறகு எல்லாக் கட்சியும் அவர்களிடம் வந்து பேச வேண்டியதாயிற்று. ஒரே ஒரு ஆளிடம் மொத்தமாகப் பேசி முடிக்கிற காலம் போனது.

நம்முடைய 2008 என்று 2024ஐச் சொல்லலாமா? ஓரளவுக்கு. அந்த செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலிடம், ரணில் இரண்டாமிடம், அநுர குமார மூன்றாமிடம். சங்கங்கள் காட்டிய கணக்குப் பெரும்பாலும் அப்படியே விழுந்தது. எட்டே வாரம். நவம்பர் பொதுத்தேர்தலில் அநுர குமாரவின் தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் முதலாவது, 8 ஆசனங்களில் 5. மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போனதும் அந்தத் தேர்தலில்தான். இத்தனை வருடமும் பெண்கள் சந்தா கட்டியிருக்கிறார்கள், ஊர்வலம் போயிருக்கிறார்கள், வேட்பாளர் பட்டியலில் மட்டும் இடம் இருக்கவில்லை.

ஆனால் பட்டாசு கொளுத்துவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, 5 ஆசனம் என்றாலும் மாவட்ட வாக்கில் அவர்களுக்குக் கிடைத்தது பாதிக்கும் குறைவு. முதலிடத்துக்கு ஒரு போனஸ் ஆசனம், மற்றவர்களின் வாக்கு பல சுயேச்சைக் குழுக்களாகச் சிதறியது, இரண்டு தேர்தலுக்கு இடையில் நாடு முழுக்க வாக்களித்தவர்கள் சுமார் 79 வீதத்திலிருந்து 69 வீதமாக இறங்கியது. பழைய கட்சிகளின் ஆட்கள் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இரண்டு, அந்தச் சக்தியின் தாய்க்கட்சியான ஜே.வி.பி.யின் பழைய வகுப்புகளில் "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்ற பாடத்தில் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பது என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. 2023 ஒக்டோபரில் ஹட்டன் பிரகடனம் என்று புதிதாக ஒன்று எழுதினார்கள். நல்ல பிரகடனம்தான். காணி, வீடு, அடையாளம் எல்லாம் அதில் இருக்கின்றன. எழுதினதை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும், அதற்குத்தான் எழுத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இருப்பதும் 225இல் 159 வைத்திருக்கிற ஆட்சி. எங்கள் தெருவில் சில பிள்ளைகள், "இனி இருபது வருடத்துக்கு இவர்கள்தான்" என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறார்கள். எனக்கு 1977இன் 140 ஞாபகம் வருகிறது. இவர்கள் ஜே.ஆர். என்று நான் சொல்லவில்லை. 2025 உள்ளூராட்சித் தேர்தலை நடத்தினார்கள், அதில் தங்கள் வாக்கு சுமார் 61 வீதத்திலிருந்து 43 ஆகக் குறைந்ததையும் ஏற்றுக்கொண்டார்கள். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய அந்தத் தேர்தலைக் காசில்லை என்று முந்தின ஆட்சி நிறுத்தி வைத்ததும், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொன்னதும் தெரியும்தானே. ஆனால் மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். இதை எழுதும் வரைக்கும் ஆளுநர் ஆட்சிதான். தமிழ்ப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ் வருபவை. ஒரு தேர்தலைத் தள்ளிப் போடுவது எந்தக் கட்சிக்கும் முதல் நாள் வெட்கமாக இருக்கும், பிறகு பழகிவிடும். சம்பளத்தில் 2026 ஜனவரி முதல் அடிப்படை 1,550, அதோடு வரவுக்கு அரசாங்கம் தரும் 200, மொத்தம் 1,750 என்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நல்லது. அந்த 200 அரசாங்கப் பணம் என்பதையும் மறக்காதீர்கள். அது தொழிலாளியின் பேரத்தில் வந்ததல்ல, கொடுத்தவர் நினைத்தால் எடுக்கலாம்.

நீண்டகாலம் ஒரே கட்சி ஆள்வது தன்னளவில் பாவம் என்று நான் நினைக்கவில்லை. சனம் விரும்பித் திரும்பத் திரும்பப் போட்டால் ஆளட்டும். நான் கேட்பது இரண்டு. அவர்களைச் சனம் பயமில்லாமல் தோற்கடிக்க முடியுமா? தோற்கடித்த மறுநாள் உங்கள் வீட்டுக்கு வருகிற தண்ணீர் நிற்காமல் வருமா? கொழும்புக் கட்சிகளிடம் முதல் கேள்வியையும், நம் சங்கங்களிடம் இரண்டாவதையும் கேட்டுப் பாருங்கள்.

பயம் என்றதும் ஒன்று. "யாருக்குப் போட்டோம் என்று தலைவருக்குத் தெரிந்துவிடும்" என்று லயத்தில் இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. ஜனாதிபதி, பாராளுமன்றத் தேர்தல்களில் பெட்டிகள் எண்ணும் நிலையத்துக்குப் போய்விடும், முடிவு தொகுதி வாரியாகத்தான் வெளிவரும். நுவரெலியா மஸ்கெலியா நாட்டின் மிகப் பெரிய தொகுதிகளில் ஒன்று, அதற்குள் உங்கள் லயத்தை யாரும் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் உள்ளூராட்சித் தேர்தல் வேறு. 2018இல் வட்டார முறை வந்த பிறகு வாக்கு எண்ணுவதும் பெரும்பாலும் அந்த நிலையத்திலேயே. ஒரு தோட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது இரவே தெரிந்துவிடும். தனி ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் "இந்தத் தோட்டம் நமக்குப் போடவில்லை" என்று ஒதுக்க முடியும். இந்த முறையில் நான் குறை காண்பது முதலில் இதைத்தான்.

கடைசியாக, பஸ் காசு. வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்பது தனியார் துறைக்கும் உள்ள சட்டம். முதலாளியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இன்னும் தோட்டத்து விலாசத்தில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் ஒவ்வொரு வருடமும் பாருங்கள். கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் பலரின் பெயர் இரண்டு இடத்திலும் இல்லாமல் போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய தேர்தலைவிட, உங்கள் வட்டாரத்துப் பிரதேச சபை உறுப்பினர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்வது இப்போதைக்குப் பலன் தரும். 33ஆம் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது, "தோட்டத்துக்குச் செலவழிக்க முடியாது" என்று சபை இனி சொல்ல முடியாது. இந்த வருடம் உங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்த ரோட்டுக்கு, வேலை யாருக்குக் கொடுத்தார்கள் என்று 2016ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். வக்கீல் வேண்டாம், சங்கத்துக் கடிதம் வேண்டாம். கடிதத்தின் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சபையில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.